கரிகாலன் கொலையும் வாசகர் கேள்வியும்: வங்காலையிலிருந்து ஒரு நோக்கு

சரித்திர நாவல்களை விரும்பிப் படிப்போரைப் பற்றி முற்போக்கு விமர்சகரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் கருத்தொன்றுண்டு. அவர்கள் பழம்பெருமையிலே மயங்குபவர்கள். தம்மைச் சூழவுள்ள வாழ்க்கையின் முரண்பாடுகளை எதிர்கொள்ள விரும்பாது அரண்மனைகளுக்குள்ளும் சுரங்கப் பாதைகளுக்குள்ளும் ஒளிந்துகொள்பவர்கள் என்பது அக்கருத்தின் சாரமாகும். இதில் உண்மை இல்லாமலில்லை. எனினும் ஒருவர் ஒரு நூலை எதற்காகப் படிக்கத் தொடங்குகிறார் என்பதும், படித்து முடித்தபின் எதனைக் கேட்கிறார் என்பதும் ஒன்றல்ல. முன்னதைப் பற்றி நாம் நிறையவே எழுதியுள்ளோம். பின்னதைக் கவனித்தது குறைவு. இக்கட்டுரை அக்குறையை ஓரளவேனும் நீக்கும் நோக்கத்துடன், தமிழ் வாசகரிடையே எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்கப்பட்டு வரும் ஒரே கேள்வியை எடுத்துக்கொள்கிறது: ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார்?

கேள்வியின் வரலாறு பெரும்பாலோர் அறிந்ததே. சுந்தர சோழனின் மூத்த மகனும் பட்டத்துக்குரியவனுமான ஆதித்த கரிகாலன் கி.பி. 970-ஆம் ஆண்டையொட்டிக் கொலையுண்டான். கல்கி 1950 முதல் 1954 வரை தமது வார இதழிலே தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ இக்கொலையை நோக்கியே நகர்ந்து சென்றது. கடம்பூர் மாளிகையில் விளக்கணைந்த இருளிலே கொலை நிகழ்கிறது. அவ்விடத்தே பலர் இருக்கின்றனர். அவர்களுட் பலருக்கும் காரணம் இருக்கிறது. பழி வந்தியத்தேவன்மேல் விழுகிறது. பின்னர் பெரிய பழுவேட்டரையர் அதனைத் தாமே ஏற்றுக்கொள்ளும் காட்சியும் வருகிறது. ஆயினும் வாசகர் அமைதியடையவில்லை. தொடர் திடீரென முடிந்துவிட்டதாகக் குறைகூறினர். கல்கி ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்களின் பிற்கால வாழ்க்கையையும் தாம் கதையை நிறுத்திய இடத்தின் பொருத்தத்தையும் விளக்கவேண்டியதாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் 5-ஆம் திகதி அவர் காலமானார். கேள்விக்கு விடைசொல்லக்கூடியவர் இல்லாது போனமையே பின்னர் எழுந்த பல நாவல்களுக்கு வாயிலாயிற்று எனலாம்.

வாசகர் ஆசிரியரைக் கேள்வி கேட்பது தமிழுக்கு மாத்திரம் உரிய வழக்கமன்று. ஆர்தர் கொனன் டொயில் 1893-இல் ஷெர்லொக் ஹோம்ஸைக் கதையிலே சாகவிட்டபோது ஆங்கில வாசகர் காட்டிய சினம் பிரசித்தமானது. ஈற்றில் ஆசிரியர் அவரை உயிர்ப்பிக்கவே நேர்ந்தது. நமது பொருளுக்கு அதனினும் அண்மித்த உதாரணம் ஒன்றுண்டு. ‘பொன்னியின் செல்வன்’ வெளிவந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1951-இல், ஜோசபின் டே என்னும் பெயரில் எழுதிய ஸ்கொத்லாந்துப் பெண் எழுத்தாளர் ‘காலத்தின் மகள்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நாவலை வெளியிட்டார். அவரது துப்பறியும் கதை வரிசையின் நாயகனான அலன் கிராண்ட் கால் முறிந்து வைத்தியசாலைக் கட்டிலிற் கிடந்தவாறே, நூல்களையும் ஆவணங்களையும் மாத்திரம் துணைக்கொண்டு, மூன்றாம் ரிச்சர்ட் மன்னன் தன் அண்ணன் மக்கள் இருவரையும் கொன்றானா என ஆராய்வதே அதன் கதை. மன்னன் குற்றமற்றவன் என்பது கிராண்டின் முடிவு. வரலாற்றாசிரியர் பலர் அம்முடிவை ஏற்கவில்லை. வாசகரோ ஏற்றனர், ஏற்றதோடு நில்லாது மன்னனின் பெயரைத் துலக்கும் பணியிலும் பலர் இறங்கினர். அந்நோக்கத்துடன் 1924-இல் தோன்றித் தளர்ந்திருந்த சங்கம் 1959-இல் மூன்றாம் ரிச்சர்ட் சங்கம் என்ற பெயருடன் புத்துயிர் பெற்றது. 2012-இல் லெஸ்டர் நகரில் ஒரு வாகனத் தரிப்பிடத்தின் கீழே அம்மன்னனின் எலும்புக்கூடு கண்டெடுக்கப்பட்டதிலும் அச்சங்கத்தினரின் முயற்சிக்குப் பங்குண்டு. வரிசைக் கதையொன்றிலிருந்து கிளைத்த ஒரு மர்ம நாவல் வாசகரை ஆவணக் காப்பகத்துக்கும் அகழ்விடத்துக்கும் இட்டுச் சென்றது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

தமிழிலே ‘பொன்னியின் செல்வ’னிலிருந்து கிளைத்த நாவல்கள் வேறு வழிகளிற் சென்றன. ‘அமுதசுரபி’ ஆசிரியராயிருந்த விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யிலே கல்கி விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார். வாசகர் பிரிய மனமில்லாதிருந்த பாத்திரங்களை மீண்டும் சந்திக்கச் செய்ததே அதன் பெரும்பணி. பாலகுமாரன் ‘உடையார்’ என்னும் நெடுநாவலில் இராசராசனையும் தஞ்சைப் பெருங்கோயிலையும் மையப்படுத்தி, கொலையின் நிழலை அரசியற் பின்னணியாக்கினார். 1990-களின் இறுதியிலே தமிழ்நாட்டரசு கல்கியின் நூல்களை நாட்டுடைமையாக்கியபின் மலிவுப் பதிப்புகள் பெருகின. அவற்றோடு புதிய வாசகர் பெருகினர். அவர்களோடு பழைய கேள்வியும் புதிதாயிற்று. மணிரத்தினத்தின் திரைப்படம் 2022-இலும் 2023-இலும் இரு பாகங்களாக வெளிவந்தபோது நாவலைத் தொட்டறியாதோரும் இவ்விவாதத்திற் கலந்துகொண்டனர்.

இவ்வரிசையிலே காலச்சக்கரம் நரசிம்மாவின் ‘சங்கதாரா’ தனித்து நோக்கப்பட வேண்டியது. பத்திரிகையாளரான இவ்வாசிரியர் கல்கியின் கதையைத் தொடரவில்லை. அதனை எதிர்த்து வழக்காடுகிறார். கொலையின் பின்னணியில் நின்றவள் இளையபிராட்டி குந்தவையே என்னும் முடிவை நோக்கி நாவல் விரைகிறது. கல்கி தமது நாவலின் அறிவாகவும் அறமாகவும் படைத்த பெண்ணையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் துணிவு இது. வாசகர் கொண்ட கருத்துகள் இரண்டாகப் பிளந்தமையில் வியப்பில்லை. நாவலின் வேகத்தையும், கேள்விப்பட்டிராத கோணத்தையும் வியந்து, ஓரிரவிலே படித்து முடித்தோம் என்போர் ஒருபுறம். குந்தவையின்மேற் களங்கம் சுமத்தலாமா என்று கொதித்தெழுவோர் மறுபுறம்.

இக்கொதிப்பை வெறும் பாத்திரப்பற்று என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயினும் சினங்கொண்ட வாசகரிற் பலர் கல்கியை மேற்கோள் காட்டவில்லை. கல்வெட்டுகளையே காட்டினர் என்பது நமது கவனத்தை ஈர்த்தது. தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுகள் இராசராசனின் அக்கன் வழங்கிய பொன்னையும் படிமங்களையும் நிறுத்து அளந்து கூறுகின்றன. தந்தை பெயரால் தஞ்சையில் விளங்கிய ஆதுலர் சாலைக்கு, அதாவது மருத்துவசாலைக்கு, அவள் நிலம் வழங்கினாள். தாதாபுரத்தில் அவள் எடுப்பித்த கோயில்கள் உள்ளன. இவளா கொலைகாரி என்பது அவர்கள் வாதம். தருமம் செய்தவர் கொலை செய்யார் என்பது தருக்கமாகாது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. அரசகுலத்தவர் அறம் செய்வதற்கும் அதிகாரத்தைக் காப்பதற்கும் இடையே முரண்பாடு காணாதவர்கள். ஆயினும் ஒரு நாவலை மறுக்கக் கல்வெட்டைத் தேடும் வாசகரை, நிகழ்காலத்திலிருந்து தப்பியோடுபவர் என்று மாத்திரம் வருணித்தல் பொருந்தாது.

இவ்விடத்தில் அனைவரும் இறுதியிற் சென்றடையும் சாசனத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் அவசியம். காட்டுமன்னார்கோயிலையடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக்குரிய கல்வெட்டொன்றுளது. கொலை நிகழ்ந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட பின்னர் பொறிக்கப்பட்டது அது. பாண்டியன் தலைகொண்ட கரிகாலசோழனைக் கொன்ற துரோகிகளெனச் சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரமாதிராசன் ஆகியோரை அது பெயர்சுட்டுகிறது. நீலகண்ட சாஸ்திரியார் இச்சாசனத்தைப் பதிப்பித்து ஆராய்ந்தார். கொலைக்கும் தண்டனைக்கும் இடைப்பட்ட காலத்தில் அரசாண்டவன் உத்தம சோழனாதலால், அவனுக்கு இதிற் பங்கிருந்திருக்க வேண்டுமென ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார். கல்கி இவ்விருவர் நூல்களையும் பயின்றே எழுதினார். குடவாயில் பாலசுப்பிரமணியன் இக்கல்வெட்டை மீள வாசித்து, இது ஒரு நிலவிவகாரம் பற்றிய ஆவணம் என்பதை வற்புறுத்தியுள்ளார். பறிமுதலான நிலம் விலைக்குக் கொள்ளப்பட்டுத் தருமத்துக்கு விடப்பட்ட செய்தியே அதன் நேர்ப்பொருள். கொலைச்செய்தி அந்நிலம் எவ்வாறு அரசுக்கு வந்தது என்பதைச் சுட்டவே இடம்பெறுகிறது.

ஆக, ஒரு நிலப்பத்திரத்தில் இடைச்செருகாய் வந்த ஒரு குறிப்பே மர்ம நாவல்களுக்கெல்லாம் மூலமாயிற்று. பிரமாதிராசன் என்பது உயர் பதவிவகித்த பிராமணருக்குரிய விருது என்பதால், அண்மைக்கால வாசகர் விவாதம் சாதி விவாதமாகவும் உருமாறியுள்ளது. பிராமணர் என்பதால் உயிர் பிழைத்தனர், நிலம் மாத்திரமே போயிற்று என ஒரு சாராரும், முழுப்பழியும் அவர்கள்மேற் சுமத்தப்பட்டது, உண்மைக் குற்றவாளி அரண்மனைக்குள்ளேயே இருந்தான் என இன்னொரு சாராரும் வாதிடுகின்றனர். பத்தாம் நூற்றாண்டைப் பற்றிப் பேசுவதாகத் தோன்றினும் இருசாராரும் பேசுவது இருபத்தோராம் நூற்றாண்டைப் பற்றியே.

இனி, இவ்விவாதத்தை நாம் வங்காலைக்குக் கொண்டு செல்வதன் காரணத்தைக் கூறவேண்டும். வங்காலை மன்னார்ப் பெருநிலப்பரப்பின் கரையிலமைந்த மீனவர் ஊர். புனித ஆனாள் ஆலயம் அதன் நடுவிடம். ஊரைச் சூழ்ந்த களப்பும் உவர்நிலமும் மாரிகாலத்தில் வலசைவரும் பறவைகளால் நிறைந்துவிடும். வடக்கே சில மைல் தொலைவில் திருக்கேதீச்சரமும், மாந்தையெனப்படும் பழைய மாதோட்டத் துறைமுகமும் உள. ‘பொன்னியின் செல்வ’னின் இரண்டாம் பாகத்தில் வந்தியத்தேவன் அருள்மொழியைத் தேடி வந்துசேரும் மாதோட்டம் இதுவே, கொடும்பாளூர்ப் பெரிய வேளாரின் படை பாசறையிட்டிருந்ததாகக் கல்கி எழுதியதும் இவ்விடத்தைத்தான். ஓவியர் மணியத்துடன் இலங்கைக்கு வந்து கதைக்குரிய இடங்களைக் கண்டு சென்றவர் அவர். கதைக்குப் பிற்பட்ட வரலாற்றில் மாதோட்டம் இராசராசபுரம் என்று பெயர்பெற்றது. தாழிகுமரன் என்ற சோழநாட்டு அதிகாரி அங்கே இராசராசேச்சரம் என்னும் கோயிலை எடுப்பித்து நிலமும் வரிவருவாயும் ஏற்படுத்திய செய்தியைக் கூறும் கல்வெட்டு பின்னர் கொழும்பு நூதனசாலையைச் சென்றடைந்தது. தஞ்சையில் இருந்து நோக்குவோர்க்குப் பொற்காலமாகத் தோன்றும் ஆட்சி, இக்கரையிலிருந்து நோக்கும்போது படையெடுப்பாகவும் வரியாகவும் தோன்றுவதைத் தவிர்க்க முடியாது. மாந்தையில் 1980-இல் தொடங்கிய அகழ்வாய்வு போரினால் 1984-இல் நின்றது. அதன் முழு அறிக்கை 2013-இலேயே நூலாயிற்று. இவ்வட்டாரத்தில் சான்றுகளுக்கு நேரும் கதி இது.

வங்காலையிலே வாசிப்புப் பழக்கமுள்ள சிலரோடு உரையாடும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. இதனைக் கள ஆய்வு என்று கூற முன்வரமாட்டோம். ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், கடற்றொழில் செய்யும் இருவர், ஒரு மூதாட்டி, அவர் பேத்தி என ஒரு மாலைப்பொழுதிற் கூடியிருந்தவர்களின் பேச்சே அது. ஆசிரியரிடம் ‘பொன்னியின் செல்வன்’ தொகுதி ஒன்றிருந்தது. அச்சிட்ட நூலன்று, வாரந்தோறும் இதழிலிருந்து கிழித்தெடுத்துத் தைத்துக் கட்டப்பட்டது. ஈழத்தில் ஒரு தலைமுறையினர் இந்நாவலைப் படித்தது இவ்வாறுதான். 1970-களின் முற்பகுதியிலே தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது இத்தகைய கட்டுகளின் மதிப்பு பலமடங்காயிற்று. கைமாறிக் கைமாறி அவை ஊர்சுற்றின. அக்கட்டுப்பாட்டை ஈழத்து இலக்கிய வளர்ச்சிக்கு உகந்ததென முற்போக்கு அணியினர் வரவேற்றனர். அவ்வரவேற்புக்கு நியாயம் இருந்தது. ஆனால் தமிழின் முதற் சரித்திர நாவலெனக் கருதப்படும் ‘மோகனாங்கி’யை 1895-இல் எழுதியவர் திருகோணமலையைச் சேர்ந்த சரவணமுத்துப்பிள்ளை என்பதையும், இவ்வகை நாவலின்மேல் ஈழத்து வாசகருக்கிருந்த நாட்டம் இறக்குமதியானதன்று என்பதையும் அன்று எவரும் பெரிதாகக் கருதவில்லை.

ஆசிரியரின் கட்டிலே ஐந்தாம் பாகம் இல்லை. 1990-இல் இடம்பெயர்ந்தபோது அது தொலைந்ததாம். கொலை நிகழும் பாகமே அதுவாதலால், அவர் முடிவை அறிந்தது படகேறிச் சென்று தங்கிய மண்டபம் அகதி முகாமில், யாரோ கொணர்ந்த மலிவுப் பதிப்பொன்றில். “முகாமில் இருந்து படிக்கேக்கதான் சேர், பூங்குழலி துடுப்புப் போட்டுக் கடக்கிற கடல் எவ்வளவு தூரம் எண்டு விளங்கினது” என்றார். இக்கூற்றில் நகைச்சுவை இருந்தது. நகைச்சுவை மாத்திரம் இருக்கவில்லை.

பூங்குழலியைப் பற்றிய பேச்சு அவ்வட்டத்தில் நீண்டது. கடற்கரை மக்களின் மகளொருத்தி தனியே ஓடம் செலுத்திக் கடல்கடந்து, ஈற்றில் அரசியாகவும் ஆகும் கதையை அவர்கள் விருப்போடும் ஐயத்தோடும் ஏற்றிருந்தனர். ஆனால் அவளது அத்தையான மந்தாகினியிடத்தே அவர்கள் காட்டிய ஈடுபாடு நாம் எதிர்பாராதது. பேச இயலாத அப்பெண் ஈழத்துக் காடுகளிலும் தீவுகளிலும் அலைந்து, அருள்மொழியைப் பலமுறை காத்து, இறுதியில் சுந்தர சோழனை நோக்கி எறியப்பட்ட ஆயுதத்தைத் தான் ஏற்று மடிகிறாள். “கரிகாலனைக் கொன்ற ஆளைத் தேடி எத்தினை புத்தகம் எழுதிப் போட்டாங்கள். அந்த ஊமைப் பொம்பிளைக்கு ஒருத்தரும் ஒண்டும் எழுதேல்லையே” என்றார் பேத்தி. பல்கலைக்கழகத்திற் பயிலும் மாணவி அவர். ‘சங்கதாரா’வைப் படித்தவர் அவ்வட்டத்தில் அவர் ஒருவரே. அந்நாவல் அவருக்குப் பிடித்திருந்தது. எனினும், கொலைக்கு ஒரு பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி போலும் என்று அவர் கூறியதை, நாம் படித்த விமர்சனங்களுட் சிறந்தவற்றோடு வைத்தெண்ணத் தயங்கமாட்டோம். கல்கியில் நந்தினி, நரசிம்மாவில் குந்தவை: குற்றவாளி மாறினாலும் ஐயம் விழும் திசை மாறவில்லை.

ஜோர்ஜ் லூக்காச் சரித்திர நாவல் பற்றிய தமது நூலிலே, வோல்ட்டர் ஸ்கொட்டின் கதாநாயகர்கள் பெருவீரர்களல்லர், எதிரெதிர் முகாம்களுக்கிடையே சென்றுவரும் நடுத்தரமானோர் என்பதைச் சுட்டி, அவர்களினூடாகவே சமுதாயத்தின் முரண்பாடுகள் வெளிப்படுகின்றன என விளக்கினார். வந்தியத்தேவன் அவ்வகைக்கு முற்றும் பொருந்துபவன். வரலாற்றில் அவனுக்குக் கிடைத்த இடம் குந்தவையின் கணவன் என்னும் சிறு குறிப்பே. கல்கி அதிலிருந்து ஊர்சுற்றியும் ஒட்டுக்கேட்டும் உயிர்தப்பியும் கதையைக் கொண்டுசெல்லும் ஒருவனை உருவாக்கினார். அவன் செல்லுமிடமெல்லாம் உழவரும் ஓடக்காரரும் பூக்கட்டுபவரும் நமக்கு அறிமுகமாகின்றனர். பின்வந்த மர்ம நாவல்களோ பெரும்பாலும் அவ்வழியை அடைத்துவிட்டன. கொலையாளி யார் என்பதே கதையானபோது, ஐயத்துக்குரியோர் பட்டியல் அரண்மனைக்குள் அடங்கிவிடுகிறது. ஓடக்காரருக்கு அங்கே இடமில்லை. கிளைநாவல்களின் கலைக்குறை இதுவென்றே நாம் கருதுகிறோம்.

மன்னார்ப் பகுதி மக்களுக்கு அரசர் கதைகள் புதியனவல்ல. கத்தோலிக்க நாட்டுக்கூத்து மரபிலே அரசரும் பேரரசரும் மேடையேறிய வண்ணமே இருந்தனர். பேராசிரியர் வித்தியானந்தன் பதிப்பித்த ‘மூவிராசாக்கள் நாடகம்’ 1966-இல் அச்சேறியது. பகலிலே வலையிழுத்தவர் இரவிலே முடிதரித்து ஆடிய மேடை அது. அங்கே மர்மமென்று ஒன்றில்லை. யார் சாவார், யார் கொல்வார் என்பதைப் பார்ப்போர் அனைவரும் முன்னரே அறிவர். கடற்றொழிலாளருள் மூத்தவர், முடிவு தெரியாமற் கதை கேட்பது தமக்குப் பிடிபடாத பழக்கம் என்றார். வாரத்தொடர் பயிற்றுவித்த ஆவலும் கூத்து பயிற்றுவித்த பொறுமையும் ஒரே முற்றத்தில் அருகருகே அமர்ந்திருந்ததை அன்று கண்டோம்.

கொன்றவர் யார் என்னும் கேள்வி அவ்வூரிலே வேறொரு பொருளையும் உடையது. 1985-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் திகதி வங்காலைப் பங்குத்தந்தையாயிருந்த மேரி பஸ்ரியன் அடிகளார் கொல்லப்பட்டார். இராணுவத்தினரே சுட்டனர் என்று ஊரார் கூறினர், அரசு மறுத்தது. அவரது உடல் ஊராரிடம் வந்துசேரவில்லை. அன்று மடிந்தவர் அவர் ஒருவருமல்லர். இதனை நாம் கேட்காமலே மூதாட்டிதான் எடுத்துரைத்தார். நாவலைப் பற்றிய பேச்சுக்கு அவர் அதுவரை செவிமாத்திரமே கொடுத்துக்கொண்டிருந்தார். “ராசா வீட்டுச் சாவுக்குக் கல்லு வெட்டி வைச்சிருக்கு எண்டுறியள், தம்பி. ஆர் செய்தது எண்டு பேரும் போட்டிருக்கு. பிறகென்ன தேடுறியள்?” என்றார். பெயரெழுதிய கல் இருந்தும் நம்பாத வாசகரும், பெயரறிந்தும் எழுதக் கல்லில்லாத ஊராரும் ஒரே மொழியைப் பேசுவோர் என்பதை அக்கணத்தில் உணர்ந்தோம்.

அவரது கேள்வி நம்மை உடையார்குடிச் சாசனத்துக்கே மீளச் செலுத்தியது. ஆசிரியரின் வேண்டுகோளின்பேரில் அதன் செய்தியை எளிய தமிழில் எழுதி அனுப்பினோம். கொலையாளிகளின் பெயர்களோடு சாசனம் நின்றுவிடுவதில்லை. அவர்தம் உடன்பிறந்தார், பிள்ளைகள், மனைவியர், தாய்வழி தந்தைவழி உறவினர், பெண்கொடுத்தோர், பெண்கொண்டோர் எனச் சுற்றம் முழுவதையும் அது வளைத்துக்கொள்கிறது. அத்தனை பேருடைய உடைமையும் பறிக்கப்படத்தக்கதாகிறது. ரேவதாச கிரமவித்தன் என்பவனோடு சேர்த்துப் பெரிய நங்கைச் சாணி என்ற தாயொருத்தியின் பெயரும் அங்கே உண்டு. கத்தியெடுத்தவர் யாராயினும், கல்வெட்டு நமக்கு ஐயமறக் காட்டும் செயல் ஒரு குற்றத்துக்காக ஒரு குலத்தைத் தண்டித்த செயலே. வரலாற்றறிஞர் இதனை அறியாதவரல்லர். சட்ட வரலாறு எழுதுவோர் குறிப்பிட்டுச் செல்வதுமுண்டு. ஆனால் நாவலாசிரியரும் அவர்தம் வாசகரும் முதல் மூன்று பெயர்களோடு நின்றுவிட, எஞ்சிய நீண்ட பட்டியல் படிக்கப்படாமலே கிடந்தது. துப்பறியும் கதைக்கு அது பயன்படாது. ஒருவர் செய்ததற்கு ஊரைச் சுற்றிவளைத்தலை வாழ்நாளிற் கண்டவருக்கோ அப்பட்டியல்தான் சாசனம்.

இவ்வாறு கூறுவதால் வங்காலை வாசகர் ஏனையோரினும் முற்போக்கானவர் என்று நிறுவ நாம் முயலவில்லை. அவ்வட்டத்திலும் அருள்மொழியின் குதிரையேற்றத்தைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தோர் இருந்தனர். திரைப்படத்தில் வந்தியத்தேவன் போதிய அழகனாயில்லை எனக் குறைபட்டோரும் இருந்தனர். கைலாசபதி 1968-இல் ‘தமிழ் நாவல் இலக்கிய’த்தை வெளியிட்டு நாவலைச் சமுதாயச் சூழலில் வைத்து நோக்கும் பயிற்சியை நமக்களித்தார். நூலின் சூழலை நோக்கக் கற்ற நாம், வாசிப்பின் சூழலை நோக்கும் பணியை இன்னும் தொடங்கவேயில்லை. ஒரே நாவல் சென்னைப் புத்தகக் கண்காட்சியிற் பெறும் வாசிப்பும், மண்டபம் முகாமிற் பெற்ற வாசிப்பும் ஒன்றாக இருத்தல் இயலாது.

நாம் அனுப்பிய தாள்களை ஆசிரியர் அவ்வட்டத்தினருக்குப் படித்துக் காட்டினாராம். சில வாரங்களின் பின் அவரிடமிருந்து கடிதம் வந்தது. ‘சங்கதாரா’வின் முடிவு பற்றி மாணவிக்கும் அவருக்கும் நடந்த வாக்குவாதத்தை இரண்டு பக்கங்களில் விவரித்திருந்தார். குந்தவைக்கு எதிராக நாவல் காட்டும் காரணங்கள் ஒரு நீதிமன்றத்தில் நில்லா என்பது அவர் கட்சி. கல்கி காட்டியவையும் நில்லா என்பது மாணவியின் கட்சி. கடிதத்தின் அடியிலே, மூதாட்டி கேட்கச் சொன்னதாக ஒரு வரி இருந்தது: பெரிய நங்கைச் சாணி என்ற அந்தத் தாயின் காணியைப் பிடுங்கிய பிறகு அவ எங்க போனவ?